ஆறு வாரத்துக்கு நான்தான் எல்லாரும்

அம்மா வெளியூர் வேலைக்குப் போகிற வீட்டில் பிள்ளையாக இருப்பது சம்பளமில்லாத முழுநேர உத்தியோகம். அதே உத்தியோகத்தில் மாட்டிக்கொண்டிருக்கும் சக ஊழியர்களே, இதில் ஒரு சிரிப்பு இருக்கிறது. கடைசியில்தான் தருவேன். அம்மாவும் ஊரிலிருந்து வந்தால் பெட்டியில் தின்பண்டத்தைக் கடைசியாகத்தான் எடுப்பாங்க.

எங்கம்மா ஆஸ்பத்திரிகளில் டயாலிசிஸ் மிஷின் மாட்டி, நர்ஸுகளுக்கு அதை ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவங்க. போன தடவை தம்பிக்குக் காய்ச்சல் என்றதும் பாதியில் ஓடி வந்தாங்க. கைக்கு வந்த டீம் லீடர் பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. இந்தத் தடவை அஸ்ஸாம், ஆறு வாரம். முழுசாக முடித்தால்தான் பதவி.

தண்ணி கேன்

செம்மண்டலத்தில் எங்கள் தெருவுக்குக் கேன் போடும் அண்ணன், நான் கூப்பிட்டால் நாளைக்கு வருவார், அம்மா கூப்பிட்டால் உடனே வருவார். அதனால் அம்மா குரலிலேயே இரண்டு கேன் சொன்னேன். பத்தே நிமிஷத்தில் வந்தவர், வாசலில் அம்மா செருப்பைத் தேடினார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அக்கா ஊருக்குப் போவசொல்ல குரல மட்டும் வுட்டுட்டுப் போயிட்டாங்களா?"

என்னங்க

அப்பாவுக்கு சிப்காட்டில் ஷிஃப்ட். மூன்று மணிக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிடுவார். ஜன்னல் திரை காற்றில் ஊதி ஊதி அடங்கும். வீடே தூங்கிக்கொண்டு மூச்சு விடுகிற மாதிரி இருக்கும். அப்படி ஒரு நாள் சமையலறையிலிருந்து, "என்னங்க, காப்பி" என்றேன். அப்பா கண்ணைத் திறக்காமலே சிரித்தார். பிறகு திறந்தார். திட்டு விழும் என்று டம்ளரோடு நின்றேன்.

"இன்னொரு தடவ கூப்புடு."

அஞ்சு மணி

கடைசி வாரம். சிதம்பரத்தில் சித்தி வீட்டுக்குப் போன தம்பி சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டான். அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பா ஓடினார். அம்மாவுக்குத் தெரிந்தால் அடுத்த ரயிலில் ஏறிவிடுவாங்க. இருப்பதோ நாலு நாள். அப்பாவுக்குப் பொய் வராது. தம்பி அம்மா குரலைக் கேட்டாலே அழுதுவிடுவான். ஆக, அம்மாவின் அஞ்சு மணி போன் என் பொறுப்பு.

அம்மா இருக்கும் இடத்தில் வீடியோ கால் எடுக்காது, நல்லதாகப் போச்சு. அப்பாவாகத் தொண்டையைச் செருமி, வேலை ஜாஸ்தி என்றேன். முன்பல் விழுந்த தம்பியாகக் காற்றை ஊதி ஊதிப் பேசினேன். குக்கர் மூன்று விசில் அடித்தது, அதுவும் நான்தான். மஞ்சள் வெயிலில் காலி வீடு மெல்ல நிரம்பியது. ஈரக் கையைத் துடைத்தபடி யாரோ உள்ளேயிருந்து வரப்போகிற மாதிரிகூட இருந்தது. அம்மா சிரித்துச் சிரித்துக் கேட்டாங்க. மூன்று நாள் இப்படியே ஓடியது.

நாலாம் நாள், மிஷின் எல்லாம் ஓடுகிறது, கையெழுத்தும் வாங்கியாச்சு, ரயில் ஏறப்போகிறேன் என்று சொன்ன அம்மா, கடைசியில் கேட்டாங்க.

"நாலு நாளா அப்பா பேசுறாரு, தம்பி பேசுறான், குக்கர்கூடப் பேசுது. நீ எங்கடி போன?"

எல்லார் குரலிலும் பாஸ் வாங்கிய எனக்கு என் குரலில்தான் அரியர்.