நஸ்ருன்னிசா பார்த்த இடைவெளி

நஸ்ருன்னிசா மூளையை மெழுகில் பதித்துச் சீவுகிறவள். அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பத்தொன்பது வருடம் அதுதான் வேலை. தலைமுடியின் பருமனில் ஏழில் ஒரு பங்குதான் ஒரு சீவல் இருக்கும். அதை வெந்நீரில் மிதக்கவிட்டு, சுருக்கமில்லாமல் கண்ணாடியில் ஏற்றி, ஊதாச் சாயம் கொடுப்பாள். கத்தியைத் தொடுமுன் வாய்க்குள் ஒரு துஆ ஓதுவாள். மனித மூளைக்கு மட்டுமல்ல, குரங்கு மூளைக்கும். கேட்டால், "அதுவும் உசுரோட இருந்ததுதானே" என்பாள்.

விஞ்ஞானி நீரஜா அவள் சேர்ந்த அதே வருடம் சேர்ந்தவள். ஒரே வயது, ஒரே மேசையில் சாப்பாடு. நீரஜாவின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் மாலையில் நஸ்ருன்னிசாதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

குரங்கு, சிம்பன்சி, மனிதன் மூன்றிலும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதியை நீரஜா ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். மனித மூளையில்தான் செல்கள் நெருக்கமாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். எண்ணிப் பார்த்தால் குறைவாக வந்தது.

"நஸ்ரு, சாயம் சரியா பிடிக்கலயோ?"

மூன்று முறை புதிதாகச் சீவிச் சாயம் கொடுத்தாள் நஸ்ருன்னிசா. அதே கணக்குதான். தன் கைமேல் பழி வருகிறதே என்று அவளுக்குத் தூக்கம் கெட்டது. ஒரு மத்தியானம், சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு மைக்ராஸ்கோப்பில் அவளே உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து நிமிர்ந்தாள்.

"சாயத்துல தப்பில்ல நீரஜா. குரங்கோடதைப் பாரு, ரங்கநாதன் தெருவுல ஜனங்க மாதிரி இடிச்சுக்கினு நிக்குது. நம்மளுது தள்ளித் தள்ளி உக்காந்துகினு கீது. ஒண்ணோட ஒண்ணு கிளை கோத்துக்க எடம் வேணும்ல? செல்லை எண்ணாத. நடுவுல இருக்கற எடத்தை அளந்து பாரு."

வெளிநாட்டில் சிலர் இதே போன்ற ஒன்றைக் கண்டு எழுதியிருந்தது அவளுக்குத் தெரியாது. கண்ணாடியில் இருந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். நீரஜா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

எட்டு மாதம் அளந்தார்கள். கட்டுரை வெளிவந்த அன்று நீரஜா மைசூர்பாகோடு வந்தாள். "நம்ம வேலை வந்துடுச்சு நஸ்ரு!" அந்த 'நம்ம'வை நம்பி, நஸ்ருன்னிசா கட்டுரையைக் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு மயிலாப்பூரில் ஒரு ஞாயிறு காலை நீரஜாவின் பொதுச் சொற்பொழிவு. நீரஜாவே கூப்பிட்டிருந்தாள். கல்லூரியில் படிக்கும் மகள் தஹ்சீனோடு நஸ்ருன்னிசா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். நீரஜா அழகாகப் பேசினாள். சிம்பன்சி மூளையைப் போல நம் மூளை மூன்று மடங்கு எடை, ஆனால் எடை மட்டுமே கதையில்லை என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"என் டெக்னீஷியன் சாயத்துலதான் தப்புன்னு சொல்லிட்டே இருந்தாங்க. மூணு முறை மாத்திப் பார்த்தோம். ஒருநாள் நான் மைக்ராஸ்கோப்ல பார்த்துட்டு இருக்கும்போது சட்டுனு தோணிச்சு, இது ரங்கநாதன் தெரு!"

அரங்கம் சிரித்துக் கைதட்டியது. நஸ்ருன்னிசாவின் கைகளும் கூடவே தட்டின. தஹ்சீன் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அம்மி, இது நீ வீட்ல வந்து சொன்னதாச்சே?"

அன்று மந்தைவெளி வீட்டில் தஹ்சீன் கட்டுரையை போனில் எடுத்தாள். மேலே நாலு பெயர்கள். கடைசியில், உதவிய ஊழியர்களுக்கு நன்றி என்று ஒரு வரி. நஸ்ருன்னிசாவின் பெயர் எங்கும் இல்லை.

மறுநாள் நஸ்ருன்னிசா நீரஜாவின் அறைக்குப் போனாள்.

"சாயம் தப்புன்னு நான் எப்ப சொன்னேன்?"

"மேடையில பேசற வேகத்துல வந்துடுச்சு. பேர் போடறதுக்கு ரூல்ஸ் இருக்கு. அடுத்ததுல கண்டிப்பா போடறேன்."

"பேரை வுடு. நீ சொன்னதை என் வாயில வச்ச, நான் சொன்னதை நீ எடுத்துக்கினே. அதைக் கேக்கறேன்."

"சத்தியமா, நான் பார்த்ததாத்தான் எனக்கு ஞாபகம், நஸ்ரு."

அவள் பொய் சொல்கிறாளா, உண்மையிலேயே அப்படித்தான் நம்புகிறாளா என்று நஸ்ருன்னிசாவால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. பத்தொன்பது வருடம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட முகம்.

ஆராய்ச்சிக்கூடத்தின் இயக்குநருக்கு எழுதினாள். வாய்ப்பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்று இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவளுடைய சீவல்களின் தரத்தை அதில் பாராட்டியிருந்தார்கள்.

அங்கிருந்து விலகி, இப்போது தேனாம்பேட்டையில் ஒரு தனியார் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறாள். நோயாளிகளிடமிருந்து எடுத்த கட்டிகளைச் சீவுகிறாள். சேர்ந்த முதல் மாதமே அங்குள்ள டாக்டர் உமர் ஃபாரூக் அவளைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பைக் காட்டினார்.

"அனுபவசாலி நீங்க. இதைப் பார்த்தா உங்களுக்கு என்ன தோணுது?"

"சீவறதோட என் வேலை முடிஞ்சுது டாக்டர்" என்று சொல்லிவிட்டு, கையுறையைக் கழற்றப் போனாள்.