கேலரியில் ஒரு கதவு

தாராவியில் பால்கனியைக் கேலரி என்றுதான் சொல்வார்கள். ஆபிதா கேட்டதும் அதைத்தான். மாடியின் முன்சுவரை உடைத்து, சந்தின்மேல் மூன்றடி நீட்டி, ஒரு நாற்காலி போடும் அளவுக்கு ஒரு கேலரி.

நாற்காலி அவள் கணவர் ஹனீபுக்கு. தோல் பட்டறையில் காலமெல்லாம் கத்தி பிடித்த வலது கை போன மழைக்காலத்தில் பக்கவாதத்தில் விழுந்துவிட்டது. கூடவே வலது காலும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அவரை ஒருவன் தன் முதுகோடு சேர்த்துப் போர்வையால் கட்டித்தான் மேலே ஏற்றினான். சுவரை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணியைத் தவிர அந்த வீட்டுக்கு வேறு வழி கிடையாது. கீழ்த்தளத்தைப் பை தைக்கிறவர்களுக்கு விட்டிருந்தார்கள். அந்த வாடகையில்தான் அரிசியும் மருந்தும்.

"ஆள் முகம் பாக்கணும்ளா," என்று ஒரு நாள் ஹனீப் குழறிச் சொன்னார். அவர் எதையும் கேட்கிற மனிதர் இல்லை. அதனாலேயே அது அவளை உறுத்தியது.

அந்தச் சந்தின் மாடிகளில் பாதி, வெல்டிங் கடை கணேசபாண்டியன் எழுப்பியவை. அவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். பழைய இரும்புக் கார்டர் இரண்டு, தரைக்குத் தகடு, கம்பித் தடுப்பு, மழைக்கு மேலே தகரம், கூலி என்று வாயாலேயே கணக்குச் சொன்னார். ஆபிதாவிடம் சீட்டு எடுத்த எழுபதாயிரம் இருந்தது. கணக்கு அதைத் தாண்டியது. அவள் பெயின்ட்டை விட்டாள், தரை ஓட்டை விட்டாள். கடைசியில் வெட்டிக் குறைக்க, தடுப்பில் ஒரு கதவும் அதற்கு மேலே ஒரு கொக்கியும்தான் கணக்கில் மிஞ்சி நின்றன.

"தடுப்புல கதவு எதுக்கு அண்ணாச்சி? அந்தப் பக்கம் வெறும் காத்துதானே?"

"பிரிட்ஜ் ஏத்த."

"எங்கிட்ட பிரிட்ஜ் இல்லியே."

"பொறவு வாங்குவீயள்ல." அவர் தலை நிமிராமல் டேப்பைச் சுருட்டினார். "எல்லா வீட்லயும் விட்டிருக்கேன்."

அவர் போன பிறகு ஆபிதா சன்னலில் நின்று சந்தைப் பார்த்தாள். இரண்டு வரிசையிலும் மாடிக்கு மாடி ஒரு கதவு. எல்லாமே தாழிட்டிருந்தன. எதற்கும் வெளியே படி இல்லை. தினமும் பார்த்த கதவுகள்தான். பார்த்தோம் என்று அன்றுதான் அவளுக்குத் தோன்றியது.

எதிர்வீட்டு சஃபீனா துணி காயப்போட வந்தாள். கை நீட்டினால் தொடலாம் என்கிற தூரம்.

"ஒங்க கதவு எதுக்கு சஃபீனா?"

"பிரிட்ஜுக்கு."

"ஒங்க பிரிட்ஜ் கீழ அடுப்படிலல்லா இருக்கு?"

சஃபீனா ஈரத்துணியை உதறவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "மாமிக்கு ஒருக்கத் தொறந்தோம்," என்றாள். "அதுக்குப் பொறவு தொறக்கல."

இறந்தவரைச் சுமக்கும் சந்தூக்கு புறப்படும்போது பெண்கள் உள்ளே இருந்துவிடுவார்கள். மாடியில் இறந்தவர்களை எப்படி இறக்குகிறார்கள் என்று ஆபிதா பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை. உயிருள்ள ஆளை முதுகில் கட்டலாம்.

மறுநாள் மேலே வந்த கணேசபாண்டியனிடம், "கதவு வேண்டாம். முழுக் கம்பியா அடிச்சிருங்க," என்றாள். வழி வைக்காத இடத்துக்குச் சாவு வராது என்று அவள் எண்ணினாள். இது அறிவுக்குப் பொருந்தாது. ஆனால் வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் வரப்போகிறதைப் பற்றி ஏதோ ஒன்றை நம்பித்தான் கட்டுகிறார்கள்.

"பாய்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க," என்றார் அவர்.

கட்டிலிலிருந்து ஹனீபே பேசினார். "கதவு வைக்கச் சொல்லு."

"எதுக்காம்?"

"பிரிட்ஜ் ஏத்த." பாதி வாய் சிரித்தது. பிறகு மெதுவாகச் சொன்னார்: "இல்லன்னா அன்னிக்குக் கம்பிய அறுக்கணும்ளா. அந்தச் சத்தத்துலயா நீ அழுவே?"

ஆபிதா அவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு கணேசபாண்டியன் பக்கம் திரும்பினாள்.

"மேல தகரம் வேண்டாம் அண்ணாச்சி. அந்தக் காசுக்குப் பழைய பிரிட்ஜ் ஒண்ணு பாருங்க. இந்தக் கதவு வழியா மொதல்ல ஒண்ணு ஏறணும்."

கேலரி முடிந்த வெள்ளிக்கிழமை, ஜும்மா கலைந்த நேரத்தில் பிரிட்ஜ் வந்தது. சந்துக்குள் வண்டி நுழையாது. கீறல் படாமலிருக்கக் கடைக்காரர்கள் அதை வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். நாலு பேர் அதைப் படுத்த வாக்கில் தோளில் வைத்து உள்ளே கொண்டுவந்தார்கள்.

திறந்த கதவருகே நின்று ஆபிதா அதைப் பார்த்தாள். தொழுதுவிட்டு வந்தவர்கள் சுவரோடு ஒதுங்கினார்கள். ஒருவர் தோள் கொடுத்தார். சில எட்டு நடந்து அடுத்தவருக்கு விட்டார். அவரிடமிருந்து இன்னொருவர். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கீழே தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கழற்றிய தொப்பியை ஒரு பெரியவர் மறுபடி தலையில் வைத்தார். அவர் உதடு அசைந்தது. பாதியில் நின்றது.

கணேசபாண்டியன் கொக்கியில் கயிற்றைப் போட்டார்.

"பையத் தூக்குங்க," என்றது கீழிருந்து ஒரு குரல். "தலப் பக்கம் பாத்து."

யாரும் சிரிக்கவில்லை. வெள்ளைத் துணி சுற்றிய நீளம் ஆடியபடி அவளை நோக்கி ஏறி வந்தது. கடைசி ஆளாக அவளும் கை கொடுத்தாள். துணிக்குள்ளே அது சில்லென்று இருந்தது.

இப்போது ஹனீப் தினமும் சாயங்காலம் கேலரியில் உட்காருகிறார். கேட்ட முகங்கள் கிடைத்துவிட்டன. சலாம் சொல்ல அண்ணாந்து பார்ப்பவர்கள் முதலில் கதவைப் பார்க்கிறார்கள், பிறகுதான் அவரை. அதனால் ஆபிதா கதவில் முதுகைச் சாய்த்து, அதை மறைத்து உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறாள். பின்னால் பாதிவரை தகடு. அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. சில நாள் அந்தப் பக்கமிருந்தும் யாரோ சாய்ந்திருப்பதுபோல அது அவள் முதுகில் அழுந்தும்.

"காத்து," என்பார் ஹனீப்.

"காத்துதான்," என்று சொல்லி, அவள் இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொள்வாள்.