வெயில் படாத பக்கம்

பஸ் கண்டக்டருக்கு 'நிழல்' என்று பட்டப்பேர் வைத்தது அவர் வண்டியில் போன பயணிகள்தான். ஏறுகிறவர்கள் டிக்கெட் வாங்குவதற்கு முன்பே கேட்பார்கள்: "வெயில் எந்தப் பக்கம்ணே அடிக்கும்?" அவர் வானத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்ப்பார். "அந்தப் பக்கம் போய் உக்காருங்க" என்பார். ஒருநாளும் தப்பியதில்லை. அதில் அவருக்கு மந்திரி பதவி கிடைத்த மாதிரி ஒரு மிதப்பு.

ஓய்வு பெற்ற பிறகு மிதப்பைக் காட்ட மனைவி ஒருத்திதான் மிச்சம். அவளுக்கோ பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. நேரே இருப்பது தெரியும்; பக்கத்தில் ஆள் நின்றாலும் தெரியாது. டாக்டர் பூசி மெழுகவில்லை. வெளியூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யலாம், மிச்சப் பார்வை நிற்கலாம், நிற்காமலும் போகலாம், பார்க்க ஆசைப்பட்டதை முன்னாடியே பார்த்துவிடுங்கள் என்றார்.

அவள் ஆசைப்பட்டது பனிமலை. சமையலறையில் ஒரு பழைய காலண்டர். தேதியெல்லாம் தீர்ந்தும் அந்த மலைப் படத்துக்காகவே கழற்றாமல் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் விமானம் பனிமலையை ஒட்டித்தான் போகும் என்று மகன் சொன்னதும் அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

மகன் டிக்கெட் எடுக்கும்போது போனில் கேட்டான்.

"அப்பா, ஜன்னல் சீட்டு இருக்கு. எந்தப் பக்கம் போடட்டும்?"

"காலையில வடக்க போற வண்டிதானே? இடப்பக்கம் போடு."

"எதுக்கும் மலை எந்தப் பக்கம்னு பார்த்துட்டு..."

"டேய், எந்தப் பக்கம் உக்காரணும்னு எனக்கே சொல்லித் தர்றியா?"

மகன் இடப்பக்கமே போட்டான். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். பஸ் பழக்கம் ஆகாயத்திலும் விடவில்லை.

விமானத்தில் அவள் ஜன்னலோரம், அவர் பக்கத்தில். அவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டாள். கீழே காய்ந்த நிலம், அதன் மேல் விமானத்தின் நிழல். வலப்பக்கம் வெயில் கொளுத்த, அங்கிருந்தவர்கள் ஜன்னல் மூடிகளை இறக்கிவிட்டுத் தூங்கினார்கள். ஒரு பெண் மட்டும் மூடியை ஏற்றிப் பார்த்தாள். வரிசை வரிசையாக வெள்ளை மலை. கண் கூசியதோ என்னவோ, உடனே இறக்கிவிட்டாள்.

அதற்குள் அவர் மலையைப் பார்த்துவிட்டார். பெல்ட்டைக் கழற்றி எழுந்தார். விமானம் ஆடிக்கொண்டிருந்தது. பணிப்பெண் தன் இருக்கையிலிருந்தே கையை ஆட்டினாள்.

"சார், உக்காருங்க. பெல்ட் விளக்கு எரியுது பாருங்க."

"இவங்க கண்ணு... ஒரு நிமிஷம் அந்தப் பக்கம்..."

"விளக்கு அணையட்டும் சார். இப்ப யாரும் எழக்கூடாது."

காலமெல்லாம் ஊரையே உட்கார வைத்தவர் உட்கார்ந்தார். விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அணைந்ததும் வலப்பக்கம் ஓடிப்போய், அங்கிருந்தவரைக் கேட்டு ஒரு ஜன்னல் மூடியை ஏற்றினார். வெறும் சமவெளி. மலை பின்னால் போய்விட்டது.

திரும்பி வந்து உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

"எங்க போனீங்க?" என்றாள் அவள், ஜன்னலை விட்டு முகத்தை எடுக்காமல்.

"சும்மாதான்."

"மலை இன்னும் வரலீங்க. வந்ததும் சொல்றேன், நீங்களும் பாருங்க." அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். "ஆனா துளிகூட வெயில் படல பாத்தீங்களா. உங்க கணக்கு என்னைக்குத் தப்பியிருக்கு."