ஷாஹின் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை

இதைச் சொல்ல எனக்கு வெட்கம்தான். திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். அன்று ஓர் அரசு வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். கடை நிறையக் கூட்டம். கம்ப்யூட்டரோ விசிறி இரைய இரைய அடிக்கடி நின்றுபோனது.

"பாட்டு, படம்னு கண்டதையும் திறந்து வெச்சா எப்படி ஓடும்?" என்று என்னிடம் வேலை பார்க்கும் ஷாஹினை எல்லார் முன்னாலும் திட்டிவிட்டேன்.

அவள் கண் கலங்கியது. திறந்திருந்த எல்லாவற்றையும் மூடினாள். அப்போதும் விசிறியின் இரைச்சல் அடங்கவில்லை. எந்த புரோகிராம் கம்ப்யூட்டரை இழுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து காரணத்தைத் தேடினாள். பிறகு என் காதருகே வந்தாள்.

"அக்கா, போட்டோ வெட்டறதுக்கு ஓசியில ஒரு சாஃப்ட்வேர் டவுன்லோட் பண்ணீங்களே, அதுக்குள்ள ஒரு வைரஸ் ஒளிஞ்சு வந்திருக்கு. நம்ம கம்ப்யூட்டரை வெச்சு யாரோ கிரிப்டோ காசு சம்பாதிக்கறாங்க."

அதை நீக்கியதும் விசிறி அடங்கியது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

"ஏதோ வைரஸுங்க. சரியாயிடுச்சு" என்றாள் ஷாஹின்.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "தப்பு என்னுதுங்க. இந்தப் பொண்ணை வீணா திட்டிட்டேன்" என்று எழுந்து நின்று சொன்னேன்.

மாலைக்குள் எல்லாருடைய விண்ணப்பமும் போய்விட்டது. ஊரறியத் திட்டு வாங்கியவள், என் தவறை என் காதில் மட்டும் சொன்னாள். அந்த நன்றிக்கடன் எனக்கு இன்னும் தீரவில்லை.