வாசல் திரும்பிய வீடுகள்

படுத்திருந்த சுவர்கள்

பம்பாய் செம்பூரில் எங்கள் கம்பெனி யார்டுக்குள் முதல் நாள் நுழைந்தபோது, சுவர்கள் தரையில் வரிசையாகப் படுத்திருந்தன. மோல்டில் சிமெண்ட் ஊற்றி, மேலே ஈரச்சாக்கு விரித்துப் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு சுவருக்கும் பேனல் என்று பெயர். முன்பக்கப் பேனலில் பெரிய கதவுக்கு இடம், பின்பக்கப் பேனலில் சின்னக் கதவுக்கு இடம். மற்றபடி எல்லாம் ஒரே அளவு. லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் நிறுத்தி போல்ட் முடுக்கினால் வீடு. கழற்றினால் வேறொரு இடத்தில் அதே வீடு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கு தாராவியில் தோல் பதனிடும் வேலை. நான் டிராயிங் படித்து சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். இந்த வேலைக்கு வர நினைக்கும் தம்பிகளுக்கு என் முதல் சைட்டைப் பற்றிச் சொன்னால் உபயோகப்படும் என்று தோன்றுகிறது.

லாரியில் பேனல்களோடு நானும் பின்னால் உட்கார்ந்து போவேன். சயான் வழியாகப் போகும்போது, நிறுத்திவைத்த பேனலின் ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பேன். ஆஸ்பத்திரி வாசல், பூக்காரி, ரயில் பாலம் எல்லாம் அந்த ஜன்னலுக்குள் வந்து வந்து போகும். இன்னும் பிறக்காத ஒரு வீட்டுக்குள்ளிருந்து பம்பாயைப் பார்ப்பதுபோல இருக்கும். தாராவி சதுப்பு முழுக்க இப்படி வீடுகள் நின்று, ஒவ்வொன்றின் மேலும் அவரைக்கொடி படர்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன்.

பெருக்கிய தோட்டம்

தாராவியில் அந்த முதல் சைட்டுக்கு ஒரு டிரஸ்ட் பணம் கொடுத்தது. எதிரெதிரே இரண்டு வரிசை வீடுகள், நடுவில் எல்லாருக்கும் பொதுவான காய்கறித் தோட்டம். எல்லாக் கதவும் தோட்டத்தைப் பார்த்துத் திறக்கும். பிளான் போட்டவர் எங்கள் எஞ்சினியர் ராமநாதன் சார், மாட்டுங்காக்காரர். பார்க்கவே அழகான பிளான்.

குடி வந்தவர்கள் எல்லாரும் சதுப்பு ஓரத்துக் குடிசைகளிலிருந்து வந்த திருநெல்வேலிக்காரர்கள். டிரஸ்ட் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. பொங்கலுக்கு முன்னால் வந்து பார்ப்பார்கள். தோட்டம் விளைந்திருந்தால் வீடு குடியிருப்பவர்களுக்கே. இல்லாவிட்டால் பேனல்களைக் கழற்றி வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். குடும்பங்கள் பழைய குடிசைக்கே திரும்ப வேண்டியதுதான்.

மழை ஓய்ந்ததும் பாத்தி கட்டி, விதை கொடுத்துவிட்டு யார்டுக்குத் திரும்பினேன். மறுபடி போனபோது பாத்தியைக் காணோம். தரை பளிச்சென்று கிடந்தது. பக்கத்துத் தபேலாவிலிருந்து, அதாவது எருமைத் தொழுவத்திலிருந்து, சாணம் வாங்கி வந்து தெளித்து, ஒவ்வொரு வாசலிலும் கோலம் போட்டிருந்தார்கள். மண் சிமெண்டுபோல் இறுகியிருந்தது.

முதல் வீட்டுச் சொர்ணம் அக்கா கையில் துடைப்பத்தோடு நின்றார்.

"என்னக்கா, இது தோட்டம்லா?"

"தோட்டம் சரிதான் தம்பி. கதவத் தொறந்தா இதுதான வாசலு? வாசலப் பெருக்காம போட்டு வச்சா வீடு வெளங்குமா?"

"கீரை முளைச்சிருக்குமே."

"மொளச்சுது. வாசல்ல புல்லு மொளச்சா என்ன செய்வோம்? அதும் தொடப்பத்தோட போயிட்டு. நீங்க நல்லாச் சொல்லுதியளே, கோலத்து மேல கத்திரிக்கா நடச் சொல்லி."

பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்தார்கள். பிறகு சொர்ணம் அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "நெசமாவே கழட்டிருவாவளா தம்பி? பழைய குடிசைல மழ பெய்ஞ்சா கட்டிலு மேல புள்ளயள ஒக்கார வச்சுக்கிட்டு முழிச்சுக் கெடந்தோம். இங்க வந்த பொறவுதான் அதுவ ஒறங்குது."

ராமநாதன் சார் வந்து பார்த்தார். "ஏம்ப்பா, தோட்டம் போடச் சொன்னா பாட்மின்டன் கோர்ட் போட்டு வெச்சிருக்காளே. பெருக்கக்கூடாதுன்னு ஸ்ட்ரிக்டா சொல்லிடு."

சொன்னேன். தலையாட்டினார்கள். மறுநாள் காலையிலும் பெருக்கியிருந்தார்கள்.

போல்ட்டைக் கழற்றியது

வீடுகளுக்குப் பின்புறம் யாரும் எதுவும் திட்டமிடாத ஒரு சந்து. ஒருநாள் சாயங்காலம் அந்தப் பக்கம் நடந்தேன். குளிக்கிற தண்ணீர் ஓட்டை வழியாக வெளியே விழுகிற இடமெல்லாம் பச்சையாக இருந்தது. தானாக முளைத்த தக்காளி, யாரோ குத்திவைத்த முருங்கைப் போத்து, கல் இடுக்கில் ஒரு பப்பாளிக் கன்று. மேற்கே இறங்கிய வெயிலில் எல்லா இலைகளும் பொன்னாக நின்றன. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. இவர்களுக்கு முன்னால் இருப்பது வாசல். செடி வளர்வது புறவாசலில். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

மறுநாள் சாரிடம் போனேன்.

"சார், முன் பேனலும் பின் பேனலும் ஒரே சைஸ். இடம் மாத்தி, வாசலைச் சந்துப் பக்கம் திருப்பிடலாம். குளிக்கிற கல்லும் தனியாத்தான் இருக்கு, அதையும் நகர்த்திடலாம். தண்ணி நேரா தோட்டத்துக்குப் போகும்."

"அப்போ தோட்டம் எல்லாருக்கும் கொல்லையாயிடுமே? வர்றவாளுக்கு ரோட்லேர்ந்து ஒண்ணும் தெரியாதே?"

"உள்ள வந்து பார்க்கட்டும் சார்."

அவர் பிளானை விரித்து வெகுநேரம் பார்த்தார். பென்சிலை எடுத்து, காதில் செருகினார், மறுபடி எடுத்தார். "ஸ்பேனர் ஒங்கிட்டதானே இருக்கு. பண்ணு" என்றார்.

சங்கிலிக் கப்பி கட்டி ஒவ்வொரு வீடாகத் திருப்பினோம். திருப்புகிற நாளில் அந்த வீட்டுக்கு இரண்டு பக்கமும் சுவர் இருக்காது. காற்று உள்ளே புகுந்து, மறுபக்கம் வெளியேறும். தொட்டிலில் ஒரு குழந்தை அந்தக் காற்றில் தூங்கியது. வீடு என்பது இவ்வளவு லேசானதா என்று எனக்கு வியப்பாக இருந்தது.

கோலம் சந்துப் பக்கம் போயிற்று. இறுகிய மண்ணைக் கொத்தி மறுபடி பாத்தி கட்டினோம். அப்புறம் யாருக்கும் நான் எதுவும் சொல்லவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரும் அங்கேதான், பேச்சும் அங்கேதான். தண்டங்கீரை எழும்பியது. அவரை கூரைக்குப் போயிற்று.

செருப்பு

டிரஸ்ட் செக்ரட்டரி ஒரு குஜராத்தி சேட். பொங்கலுக்கு முன்னால் வந்தவர் சுத்தமான வாசல்களையும் கோலங்களையும் பார்த்துவிட்டு, "பகீச்சா கஹான் ஹை?" என்று கேட்டார். தோட்டம் எங்கே என்று கேட்கிறார். சார் என்னைப் பார்த்தார்.

சொர்ணம் அக்கா வழியை மறித்து நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள்ளேதான் போக வேண்டும் என்று தனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னார். "சேட்ஜீ, சப்பல் உத்தாரோ. வீட்டுக்குள்ளதான் ஜானா."

சேட் ஷூவைக் கழற்றினார். அடுப்பைத் தாண்டி, தொட்டிலைத் தாண்டி, சின்னக் கதவில் குனிந்து, மறுபக்கம் இறங்கினார். யாரோ குளித்துக்கொண்டிருந்தார்கள்போலும். தண்ணீர் வாய்க்காலில் வந்து அவர் காலை நனைத்தது. வெறுங்காலோடு பாகல் பந்தலுக்குக் கீழே அவர் அப்படியே நின்றார். எதிர்வரிசைப் பெண்கள் கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"ரஹ்னே தோ" என்றார். இருக்கட்டும் என்று அர்த்தம்.

அன்று முதல் எந்தப் பிளானைக் கையில் எடுத்தாலும், காலையில் துடைப்பத்தோடு யார் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்று கேட்ட பிறகுதான் கோடு போடுகிறேன்.

சேட்டின் கார் போனதும் சொர்ணம் அக்கா என்னிடம் வந்தார். "அப்ப செவுத்துல ஆணி அடிக்கலாமா தம்பி?"

ஆணி அடித்தால் பேனல் கீறல்விடும், வேறு இடத்துக்கு உதவாது என்று அதுவரை நான் யாரையும் ஆணி அடிக்க விடவில்லை.

"ஜாயிண்ட்ல மரச்சட்டம் இருக்கு பாருங்க. அதுல அடிங்கக்கா" என்றேன்.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தபோது, இரண்டு வரிசையிலும் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.