தென்னை மர வழக்கும் செவலைப் பூனையும்

எங்கள் வீட்டில் இரண்டு கிழட்டுப் பூனைகள். கறுப்புக்குக் காது கேட்காது. செவலைக்குக் கண்ணில் புகை படர்ந்துவிட்டது, பின்னங்கால் ஒன்று மடங்க மறுக்கிறது. கறுப்பைக் கூப்பிட்டால் செவலை வரும். செவலையைக் கூப்பிட்டாலும் செவலைதான் வரும். மஞ்சக்குப்பத்து மாடி வீடு அவற்றுடையது. வாடகை மட்டும் நானும் என் கணவரும் கொடுக்கிறோம்.

கீழே வீட்டுக்காரர் குடும்பம். சிதம்பரம் பக்கத்தில் அவருக்கும் பங்காளிக்கும் ஒரு வழக்கு. வரப்பில் நிற்கும் ஒரே ஒரு தென்னை மரம் யாருக்கு என்பது விவகாரம். மரம் காய்ப்பதை நிறுத்திப் பல வருஷமாகிறது, வழக்குதான் இன்னும் காய்த்துக்கொண்டிருக்கிறது.

வாய்தா நாளில் வெள்ளைச் சட்டையும் கைப்பையுமாக அவர் கிளம்பும் நேரமும், எங்கள் பூனைகள் வெயில் காய இறங்கும் நேரமும் ஒன்று. பூனை குறுக்கே போனால் உள்ளே திரும்பி, தண்ணீர் குடித்து, கொஞ்சம் உட்கார்ந்து, மறுபடி கிளம்புவது அவர் வழக்கம். அதற்குள் சிதம்பரம் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸில் தாமதமாகப் போய், சாயங்காலம் திரும்பி வந்து, மாடியை நிமிர்ந்து பார்ப்பார்.

"உங்க பூனையாலதான் டீச்சர், மறுபடி வாய்தா."

"எதிர்த்தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களேண்ணே?"

"அவருக்கு ஏன் காய்ச்சல் வந்துச்சு?"

நான் துணி மடிக்கப் போய்விடுவேன்.

பூனைகளுக்கு வயதாக ஆக நிலைமை மோசமானது. ஒரு வாய்தா நாளில் செவலை பாதி வாசல் வரை நடந்து, கால் வலித்ததோ என்னவோ, நட்டநடுவில் படுத்துக்கொண்டது. வீட்டுக்காரர் செருப்போடு நின்றார். இது குறுக்கே போனதா, போகவில்லையா? அவர் மனைவி யோசித்து, "முழுசாப் போனாத்தாங்க கணக்கு, வாலுப் பக்கமாச் சுத்திப் போயிடுங்க" என்றார். அவரும் சுற்றிப் போனார். அன்றைக்கும் வாய்தா. இரவு சாப்பாட்டுக்கு முன்பே மாடிப்படி ஏறி வந்துவிட்டார்.

"அடுத்த தடவையும் குறுக்க வந்துச்சுன்னா வீட்டக் காலி பண்ணிடுங்க டீச்சர். மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கோபத்துக்கு அடியில் பயம். செவலைக்குச் சிறுநீரகம் தேய்ந்துவிட்டது, இருக்கும் வரை இடத்தை மாற்றாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த வீட்டில் அது ஞாபகத்தால்தான் நடக்கிறது. கட்டில் கால், தண்ணீர்க் கிண்ணம், படி எல்லாம் அதற்கு மனப்பாடம். புது வீட்டில் சுவர் சுவராக முட்டிக்கொண்டு சாகும். அதை நான் பார்க்க மாட்டேன்.

அதனால் அடுத்த வாய்தாவுக்குப் பள்ளியில் பர்மிஷன் போட்டு, இரண்டையும் பாத்ரூமில் அடைத்து, கதவில் சாய்ந்து நின்றேன். செவலை அழுதது. கறுப்புக்கு அதுவும் கேட்கவில்லை, வாளிக்குப் பின்னால் தூங்கியது. வீட்டுக்காரர் தடங்கலே இல்லாமல் கிளம்பி, நேரத்துக்கு பஸ் பிடித்து, நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கே தீர்ப்பும் வந்தது. மரம் பங்காளிக்கு, வெட்டிக்கொள்ளலாம்.

சாயங்காலம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"இன்னிக்குப் பூனை வரலியே டீச்சர்."

"நீங்கதானேண்ணே வரக்கூடாதுன்னீங்க."

"சொன்னேன்." காபியைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார். "அது குறுக்க வந்த வரைக்கும் மரம் நின்னுது. எங்கப்பா வெச்ச மரம்."

அப்பீல் போட்டார். அது முடியும் வரை மரத்தைத் தொடக்கூடாது என்று தடை கிடைத்தது. இப்போது அவருக்கு வேண்டியது நீதி அல்ல, வாய்தா. அதற்கு என்ன வழி என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

அப்பீல் நாளன்று நான் லீவு. காலையிலேயே கையில் நெத்திலிக் கருவாட்டோடு வாசலில் நின்றார். கறுப்பு இறங்கி வந்து, முழுவதையும் தின்று, அவர் செருப்பின் மேலேயே படுத்துவிட்டது. கை தட்டினார். செவிட்டுப் பூனைக்குக் கை தட்டி என்ன ஆகும்?

"செவலையக் கூப்புடுங்க. ராசியானது அதுதான்."

செவலை ஒரு வாரமாகப் படி இறங்கவில்லை. தண்ணீர் மட்டும் நக்குகிறது என்று சொன்னேன். அவர் முகம் சுருங்கிப்போனது. நான் மேலே போய் அதைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தேன். காகிதத்தின் கனம்தான் இருந்தது.

"தூக்கிட்டுப் போனா கணக்குல வருமாண்ணே?"

"காலு தரையில படணும்."

ஒரு பக்கம் நானும் மறுபக்கம் அவருமாகக் குனிந்து, அதன் நான்கு காலும் சிமெண்டில் படும்படி பிடித்து, வாசலின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நடத்தினோம். எதிர்வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் துலக்குவதை நிறுத்திவிட்டார். வீட்டுக்காரர் நிமிர்ந்து, ஒன்றுமே தெரியாதவர் போல, "அடடா, பூனை" என்று உள்ளே திரும்பினார். தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார். பூனையும் தண்ணீரும் சேர்ந்தால்தான் வாய்தாவாம். வழக்கம்போல பஸ்ஸையும் விட்டார்.

மதியம் சிதம்பரத்திலிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே இரைச்சல்.

"வாய்தா டீச்சர். செவலை எதுனா சாப்டுச்சா?"

கரைத்த சோறு ஒரு விரல் நக்கியிருந்தது. அதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அது போதும்" என்றார். "அடுத்த வாய்தா வரைக்கும் பாத்துக்குங்க."