பந்தியில் கண்ணை மூடியவள்

எங்கள் டீச்சரம்மா நெற்றியில் பொட்டு வைக்கமாட்டார். அதனால் அவருக்குப் புருஷன் இல்லை என்று நானே முடிவுகட்டி, ரொம்ப நாள் பரிதாபப்பட்டுக் கொண்டிருந்தேன். ஒருநாள் பெரிய மீசை வைத்த ஒருவர் மொபெட்டில் வந்து, மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டாயே என்று கொடுத்துவிட்டுப் போனார். அக்காவைக் கேட்டேன். "அவங்க கிறிஸ்டியன்ஸ்டா, அவங்கள்ல அப்டித்தான்" என்றாள். என்னைவிட நான்கு வயது பெரியவள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் நகரியில் பவர்லூம் ஓட்டியவர். தறி நின்றுபோனதும் சித்தூரில் மாம்பழக்கூழ் கம்பெனி வேலை பிடித்து, புத்தலப்பட்டில் ரோட்டோரமாக எங்களைக் குடிவைத்தார். மாம்பழ சீசன் முடிந்தால் வேலையும் முடிந்தது. சர்ச்சை ஒட்டி ஒரு தகரக் கொட்டகையில் டீச்சரம்மா பள்ளிக்கூடம் நடத்தினார். வேலூர் பக்கத்துக்காரர். தெலுங்கு எழுத்தைத் தமிழில் சொல்லித்தருவார், ஃபீஸ் கேட்கமாட்டார். அரசாங்கப் பள்ளிக்கூடம் பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம். லாரிக்குப் பயந்து அம்மா எங்களை இவரிடம் விட்டிருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். எல்லாரும் வட்டமாக உட்காரவேண்டும். முதலில் கண்ணை மூடவேண்டும், அப்புறம்தான் டப்பாவைத் தடவித் திறக்கவேண்டும். "நான் ஆமென் சொல்றதுக்குள்ள எவனாவது கண்ணத் தொறந்தான், எழுந்து நின்னு பாடணும், சொல்லிட்டேன்" என்பார். ஜெபம் ரொம்ப நீளம். மழையை விசாரிப்பார், மாட்டை விசாரிப்பார், ரோட்டில் போகிற லாரி டிரைவர்களைக்கூட விடமாட்டார். அவர் குரல் ஓரிடத்தில் நிற்காது. வட்டத்துக்குள் நடந்துகொண்டே இருக்கும்.

வேலை இல்லாத மாதங்களில் அம்மா காலி டப்பாவைக் கழுவித் துடைத்து, பையில் வைத்து அக்காவிடம் கொடுப்பாள். வெறும் பையோடு போனால் அக்கம்பக்கத்தில் பார்ப்பார்களே. எங்கள் இருவருக்கும் அந்த ஒரு டப்பாதான். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால் அதில் எலுமிச்சை சாதம் இருக்கும். ஏசுசாமி போடுகிறார் என்று நான் முழுசாக நம்பினேன். அவருக்கு எலுமிச்சை சாதத்தைத் தவிர வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லையே என்கிற ஒரு குறைதான் எனக்கு. அதை அக்காவிடம் சொன்னபோது, "வாய மூடிக்கினு துன்னு" என்றாள்.

அந்த வருஷம் நகரியிலிருந்து பெரியப்பாவும் பங்காளிகளும் வந்து கங்கம்மாவுக்கு ஆடு வெட்டினார்கள். பெரியப்பா கெட்டவர் இல்லை. ஆடு அவர் வாங்கியதுதான். பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்த நைனா, "கம்பெனி மூடிக் கெடந்தாலும் எம் புள்ளைங்கள ஒரு வேளை பட்டினி போட்டதில்லண்ணா" என்று எல்லார் காதிலும் விழச் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். இலையில் கறிக்குழம்பு விழுந்தது. எல்லாரும் பிசைய ஆரம்பித்தார்கள்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உதடு அசைந்தது.

"பெரிப்பா, இவ தூங்கறா" என்று ஒரு பையன் கத்தினான். சிரிப்பு எழுந்தது. பெரியப்பா எட்டிப் பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

"இன்னாடி பண்ணிக்கினு கீற?"

அக்கா கண்ணைத் திறந்தாள். "கடைசி எலைக்கும் வரட்டும்னு இருந்தேன் பெரிப்பா."

"கங்கம்மா எதுர்ல உக்காந்துக்கினு யாரக் கூப்புட்ட? டேய் தம்பி, புள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனியா, சர்ச்சுக்கு எழுதிக் குடுத்துட்டியா?"

நைனா எழுந்து வந்து அவள் முதுகில் ஓங்கி அடித்தார். எங்களை அடித்துப் பழக்கமில்லாத கை அது. மறுநாளிலிருந்து நாங்கள் பள்ளிக்கூடம் போகவில்லை.

டீச்சரம்மா வீடு தேடி வந்தபோது பெரியப்பா ஊருக்குத் திரும்பியிருக்கவில்லை. வாசலில் நிற்கவைத்தே கேட்டார். "ஏம்மா, எங்க புள்ளைங்க கண்ண மூடவெச்சி இன்னாம்மா பண்றீங்க?"

"சாப்பாட்டுக்கு முன்னாடி ஜெபம் பண்ணுவோம் அண்ணா."

"அவ்ளோதானா?"

டீச்சரம்மா அக்காவைப் பார்த்தார். நைனா சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா, இல்லை என்பதுபோல லேசாகத் தலையசைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சாமி என்னவெல்லாம் செய்கிறார் என்று பெரியப்பாவுக்குத் தெரிந்தால் கோபம் போய்விடுமே. "பெரிப்பா, அங்க கண்ண மூடினா..." என்று ஆரம்பித்தேன். அக்கா என் தொடையைக் கிள்ளினாள். ரத்தம் கட்டிப்போகிற கிள்ளு. வாய்விட்டு அழுதேன்.

"அவ்ளோதான் அண்ணா" என்றார் டீச்சரம்மா. "என் மேல தப்புன்னா நான் ஜெபத்த நிறுத்திடறேன். பொண்ணு நல்லா படிக்கிறா. அவள மட்டும் நிறுத்திடாதீங்க."

நிறுத்தித்தான் விட்டார்கள். என்னைக் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டவைத்து அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அங்கே கண்ணை மூடாமலே சோறும் பருப்பும் போட்டார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு ரோட்டைத் தாண்டி எதற்குப் படிப்பு என்றார் பெரியப்பா. அடுத்த சீசனில் அக்கா அம்மாவோடு மாங்காய் நறுக்கப் போனாள். மாங்காய்ப் பால் பட்டு அவள் விரல்கள் வெந்துபோயிருந்தன.

இப்போது நான் திருப்பதியில் டிகிரி முடித்து ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கேன்டீனில் கடைசி ஆள் உட்காரும்வரை எனக்குக் கை தட்டுக்குப் போகாது. "இன்னா ஃபாதர், ஜெபம் முடிஞ்சுதா?" என்று கிண்டல் செய்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் என்று என்னைச் சொல்கிறார்கள். முதலில் படித்தவள் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் பெட்ஷீட் துவைக்கிறாள். டீச்சரம்மா எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கொட்டகையில் இப்போது மாங்காய்க் கிரேட் அடுக்கியிருக்கிறது.

நைனா செத்த பிறகு ஒருநாள் அக்காவிடம் கேட்டேன். அன்றைக்கு அந்தச் சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ படித்திருப்பாயே என்று. அவள் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "பந்தில அவ்ளோ பேர் எதுர்ல நைனா சொன்னத நீயும் கேட்டியே. அப்புறம் எப்புட்றா சொல்றது? டீச்சரே சொல்லல." பிறகு அடுத்த துணியை எடுத்தாள். அவள் குரலில் பெருமையும் இல்லை, வருத்தமும் இல்லை. எதுவுமே இல்லை.

யார் டப்பா காலி, யாருக்குத் தான் சோறு வைக்கிறோம் என்று யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் டீச்சரம்மா அத்தனை பேரையும் கண்ணை மூடவைத்தார். அதை அக்கா அப்போதே தெரிந்துவைத்திருந்தாள், கற்றும் கொண்டாள். எனக்கு அன்றைக்குத் தெரிந்ததெல்லாம் தொடை எரிந்தது மட்டும்தான். இனிமேல் எலுமிச்சை சாதம் கிடைக்காதே என்றுதான் ராத்திரி வரைக்கும் அழுதுகொண்டிருந்தேன். அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து, கிள்ளிய இடத்தில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.